குசினிக்கு எந்தத் திசை வெளிச்சம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன்னர் வெளிவந்த வீட்டு அலங்காரக் கட்டுரையோடு, குசினிச் சுவரிலிருந்து வெளியே தள்ளி நிற்கும் கண்ணாடிப் பெட்டி போன்றதொரு யன்னலின் படமும் வந்திருந்தது. முன்னாலும் இரு பக்கங்களிலும் கண்ணாடி, மேலே சரிவான கண்ணாடி, நடுவில் ஒரு தட்டு, தட்டில் சிறு சாடிகளில் பச்சைப் பயிர்கள், அதற்குக் கீழே பாத்திரம் கழுவும் தொட்டி. மேல்நாடுகளில் இதைத் தோட்ட யன்னல் என்று அழைப்பதாகவும், இருண்ட குசினிக்கு வெளிச்சத்தையும் வெளிக்காட்சியையும் ஒருசேரக் கொண்டுவர இதைவிடச் சுலபமான வழி இல்லையென்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். படம் அழகானது, ஆலோசனையும் நல்லது. ஆயினும், அந்தப் படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நேரே அலுமினியப் பட்டறைக்குப் புறப்படக்கூடிய வாசகர்களுக்கு, அதே வேலையை அவர்களுக்கு முன்னரே செய்து அதன் பலனையும் அனுபவித்தவள் என்ற முறையில், சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

குசினி யன்னலைப் பற்றிப் பத்திரிகை ஒன்று எழுதியதே எனக்கு மகிழ்ச்சிதான். எங்கள் பக்கத்து வீடுகளில் குசினி என்றைக்கும் பின்பக்கமாகவே இருந்து வந்திருக்கிறது. விறகடுப்பு எரிந்த காலத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. புகையும் கரியும் வீட்டுக்குள் வராமலிருக்க அடுப்படியைத் தனிக் கொட்டிலாகப் போட்டார்கள். புகை போவதற்குச் சுவரின் மேற்பகுதியில் ஓர் இடைவெளி விட்டார்கள். கூரை கிடுகானபடியால் மிச்சப் புகை அதன் வழியே கசிந்து போயிற்று. பின்னர் எரிவாயு அடுப்பு வந்தது, குசினியும் வீட்டோடு ஒட்டிக்கொண்டது, ஆனால் யன்னல் மட்டும் அந்தப் புகைத் துளையின் அளவிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் வீட்டுப்படம் கீறுகிறவர்கள் விறாந்தைக்கும் கூடத்துக்கும் ஆறடி, எட்டடி யன்னல்களைத் தாராளமாக வைத்துவிட்டு, குசினி என்று எழுதிய கட்டத்தில் இரண்டடிக்கு இரண்டடியாக ஒன்றைப் போட்டு, அதையும் மதிலைப் பார்த்தபடி விட்டுவிடுகிறார்கள். விருந்தினர் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போகும் கூடத்தில் பகல் முழுவதும் வெளிச்சம். வீட்டுப் பெண் விடியற்காலை ஐந்து மணி தொடக்கம் நின்று வேலை செய்யும் இடத்தில் நண்பகலிலும் மின்குமிழ் எரிகிறது. ஆண்கள் சமைக்கும் வீடுகளும் இப்போது உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களும் அதே இருட்டில்தான் நிற்கிறார்கள்.

உவர்மலையில் நாங்கள் இருக்கும் வீடும் இப்படிப்பட்டதே. பாத்திரம் கழுவும் தொட்டி மேற்குச் சுவரோடு இருந்தது. அந்தச் சுவருக்கு முகம் கொடுத்து முப்பத்தொரு வருடம் நின்றிருக்கிறேன். ஓய்வூதியப் பணிக்கொடை கைக்கு வந்தபோது, முதலில் செய்யவேண்டியது இதுதான் என்று தீர்மானித்து, மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஒரு படத்தை நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டி, நாலடி அகலத்தில் ஒரு தோட்ட யன்னல் செய்வித்தேன். மேசன் சுவரை உடைத்த அன்றுதான், அந்தச் சுவருக்கு அப்பால், அயல்வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கும் ஒரு வேப்பமரத்துக்கும் இடையே, உட்துறைமுகத்தின் நீர் ஒரு துண்டு தெரிகிறது என்பதை நான் கண்டேன். இத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. யன்னலைப் பொருத்தி முடித்த மேசன் நாலடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மீன்தொட்டி மாதிரி இருக்குது ரீச்சர்" என்றார். அயலிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மாசி மாதத்தில் பொருத்தியபடியால் முதல் சில வாரங்கள் இனிமையாகவே போயின. பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் வேளையில், தட்டில் இருந்த வல்லாரை முதலில் சுருண்டது, பிறகு புதினா கருகியது, கற்பூரவள்ளி மட்டும் மஞ்சளாகி உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. பின்னேரம் மூன்று மணிக்குத் தண்ணீர்க் குழாயைத் தொட முடியவில்லை. கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியபின், யன்னலைத் திறந்தால் அனல், மூடினால் அதைவிட அனல். பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டபோது, படத்தில் இருந்தபடிதானே செய்து தந்தேன் என்றார். அதில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பச்சைவீட்டு விளைவை இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டிய விஞ்ஞான ஆசிரியை, அதைத் தன் குசினியிலேயே காசு கொடுத்துக் கட்டிவைத்திருக்கிறாள் என்பதுதான் உண்மை.

தோட்ட யன்னல் குளிர்நாட்டுப் பொருள். வட அமெரிக்காவில் அது பரவியதற்குக் காரணம், அங்கே மாரிகாலத்தில் பகல் குறுகியதாகவும் சூரியன் மிகத் தாழ்ந்தும் இருப்பதாகும். வடக்கே 45 பாகை அகலக்கோட்டில் உள்ள ஓர் ஊரில், டிசம்பர் 22ஆம் திகதியளவில், நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 22 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் சூட்டையும் பிடித்து உள்ளே வைத்திருக்கவேண்டிய தேவை அவர்களுக்கு உண்டு, அதற்காகத்தான் மேலேயும் கண்ணாடி. சூரிய ஒளியைக் கண்ணாடி உள்ளே விட்டுவிடும். அந்த ஒளியில் சூடேறிய தட்டும் சாடியும் திருப்பி வெளிவிடும் வெப்பக் கதிரை எளிதில் வெளியே விடாது. திருகோணமலையோ வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் வருடத்தில் இரண்டு தடவை நேர் உச்சிக்கு வருகிறது: ஒன்று சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், மற்றது ஆகஸ்ட் மாதக் கடைசியில். டிசம்பரில்கூட நண்பகற் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்கிறது. ஆகவே எங்கள் ஊரில் ஒரு வீட்டின் எந்தப் பாகத்தைவிடவும் கூடுதலான வெயிலைத் தாங்குவது அதன் கூரைதான். அந்தக் கூரையைக் கண்ணாடியாக்குவதைப் போன்ற அறியாமை வேறில்லை. பெட்டியை எடுத்துக்கொள்வோம், அதன் கண்ணாடிக் கூரையை அவர்களுக்கே விட்டுவிடுவோம் என்பதே நான் சொல்ல வந்தது.

அடுத்தது திசை. எங்கள் ஊரில் வெயிலின் தொல்லை குறைந்த வெளிச்சத்தைத் தருவது வடக்குச் சுவர். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் முடிவு வரை நண்பகற் சூரியன் எங்களுக்கு வடக்காகச் சரிகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சரிவு ஜூன் மாதத்திலும் 15 பாகைதான். மூன்றடி உயரமான யன்னலுக்கு மேலே, கண்ணாடிக்கு முன்னால் பத்து அங்குலம் நீட்டி ஒரு சாய்ப்பு இருந்தால் அந்த நண்பகல் வெயில் கண்ணாடியில் படாது. தெற்குச் சுவரில் அதே யன்னலை வைத்தால், மார்கழி வெயிலை மறைக்க ஏறத்தாழ இரண்டடி நீட்டம் தேவை, அதுவும் செய்யக்கூடியதே. கிழக்கும் மேற்கும் வேறு கதை. தாழ்ந்து வரும் வெயிலை எவ்வளவு நீளமான சாய்ப்பும் முழுதாக மறைப்பதில்லை. காலை வெயில் மென்மையானது, எட்டு மணிக்குள் சமையலும் ஒரு கட்டம் முடிந்துவிடும் என்பதால் கிழக்கைப் பொறுத்துக்கொள்ளலாம். மேற்கில் மட்டும் கண்ணாடிப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

இந்த இடத்தில் வாஸ்து பார்க்கும் அன்பர்கள், குசினி அக்கினி மூலையில்தானே இருக்கவேண்டும், வடக்குச் சுவருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். தென்கிழக்கு மூலையில் உள்ள குசினிக்குக் கிழக்குச் சுவரும் தெற்குச் சுவரும் வெளிச்சுவர்களாக அமையும். கிழக்குப் பார்த்துச் சமைப்பவருக்குக் காலை ஒளி முகத்தில் விழும், மேற்கு வெயில் அண்டாது. முன்னோர் இதை நினைத்தே வகுத்தார்களா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், இந்த ஊர் வெயிலுக்கு அது ஒத்துவருகிறது. அப்படியான குசினியில் கிழக்குச் சுவரில் அடுப்பையும், தெற்குச் சுவரில் தொட்டியையும், தொட்டிக்கு மேலே இரண்டடிச் சாய்ப்புடன் தோட்ட யன்னலையும் வைக்கலாம். அடுப்புக்கு நேர் மேலே இந்த யன்னலை வைக்கக்கூடாது என்பதற்குச் சாத்திரம் தேவையில்லை: காற்று நெருப்பை அலைக்கழிக்கும், தாளித்த எண்ணெய்ப் பிசுக்குக் கண்ணாடியில் படியும், சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு எரிகிற அடுப்பின் மேலாகக் கையை நீட்டவேண்டிவரும்.

எனது வீட்டில் சிக்கல் என்னவென்றால், காட்சி மேற்கில் இருந்தது, நல்ல வெளிச்சம் வடக்கில் இருந்தது. இரண்டையும் ஒரே யன்னலில் பெற நினைத்ததுதான் நான் விட்ட பிழை. இப்போது மேற்குச் சுவரில் நாலடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தட்டையான யன்னல் ஒன்றுதான் இருக்கிறது. தொட்டிக்கு முன் நிற்கும்போது கண்மட்டத்தில் துறைமுகத் தண்ணீர் தெரிகிற அளவுக்கு மட்டும் அதை விட்டிருக்கிறேன். அதற்கு மேலே மூன்றடிச் சாய்ப்புப் போட்டபடியால் ஏறத்தாழ நாலு மணிவரை கண்ணாடியில் வெயில் விழுவதில்லை. அதற்குப் பிறகு பலகைக் கதவைச் சாத்திவிடுவேன். மீன்தொட்டி வடக்குச் சுவருக்குப் போனது. அதன் கண்ணாடிக் கூரையைக் கழற்றிவிட்டு, சரிவான சட்டத்தில் ஓடு வேய்ந்து, உட்புறத்தில் வெள்ளைப் பலகை அடித்திருக்கிறோம். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் கதவுபோலத் திறக்கும், உள்ளே நுளம்பு வலை. முன்கண்ணாடி திறப்பதில்லை. பெட்டி வெளியே தள்ளியிருப்பது பதினான்கு அங்குலம். பட்டறையில் பதினெட்டு அங்குலம் வைக்கச் சொன்னார்கள். ஆனால் யன்னலுக்கு முன்னால் உள்ள குசினி மேடையின் அகலம் ஏற்கனவே இரண்டடி, அதற்கு அப்பால் இன்னும் ஒன்றரை அடி என்றால் என்னைப்போல் ஐந்தடி உயரமுள்ளவர்களுக்குக் கடைசிச் சாடியும் கொளுக்கியும் எட்டா. படங்களில் இந்தச் சங்கடம் தெரிவதில்லை.

வடக்கில் வெயில் இல்லையென்றாலும் மழை உண்டு. எங்கள் மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரை வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கிறது. வடக்கும் கிழக்கும் பார்த்த யன்னல்கள்தான் அதை வாங்கும். சுவரோடு பெட்டி சேரும் மேல்விளிம்பில் தகடு பதித்துச் சாந்து பூசாமல் விட்டால் முதல் மழையிலேயே நீர் உள்ளே இறங்கும். அடித்தட்டு வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கவேண்டும். அதன் வெளிவிளிம்பின் கீழே ஒரு கீறல் விட்டால் சொட்டும் நீர் சுவருக்குத் திரும்பாது. புயலையும் மறந்துவிடக்கூடாது. 1964 டிசம்பர் 22, 23ஆம் திகதிகளில் இந்தக் கரையைக் கடந்த சூறாவளியை வயதானவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி எங்களுக்கு அருகேதான் கரையேறியது. சுவரைவிட்டு வெளியே நிற்கும் பெட்டியை மூன்று பக்கமும் காற்றுத் தாக்கும். ஆகவே சாதாரணக் கண்ணாடி போடாமல், உடைந்தால் மழுங்கிய சிறு துண்டுகளாகிற டெம்பர் கண்ணாடியோ, நடுவில் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியோ கேட்டு வாங்குங்கள். டெம்பர் கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது என்பதால் அளவை இரண்டு முறை எடுக்கவேண்டும். பெட்டியின் பாரம் யன்னல் நிலையில் தொங்காமல், கீழே சீமெந்துத் தாங்கியிலோ உறுதியான இரும்புத் தாங்கியிலோ இருக்கவேண்டும்; ஈர மண் நிறைந்த ஆறு சாடிகள் எவ்வளவு பாரம் என்பதைத் தூக்கிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

கடற்காற்று பிணைச்சல்களைத் தின்னும். துருப்பிடிக்காத உருக்கில் 316 என்ற வகை உப்பைக் கூடுதலாகத் தாங்கும். சாதாரண இரும்பு ஆணியை அலுமினியச் சட்டத்தில் அடித்தால் சில வருடங்களில் சட்டமும் கெடும். முதிரை மரச் சட்டம் கிடைக்கிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, செலவு கூட.

இப்போது எனது தட்டில் வல்லாரை, புதினா, ரம்பை, கற்பூரவள்ளி, ஒரு பச்சைமிளகாய்க் கன்று ஆகியவை இருக்கின்றன. நேர் வெயில் இல்லாத வெளிச்சம் முதல் மூன்றுக்கும் போதுமானது. மிளகாய் மனக்குறையோடுதான் நிற்கிறது, அதற்குக் கூடுதல் வெயில் வேண்டும். கறிவேப்பிலையைத் தட்டில் வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், அது மண்ணில் நிற்கவேண்டிய மரம். திருகோணமலை வாசகர்களுக்குச் சொல்லாமலே விளங்கக்கூடிய ஒரு நன்மையும் இதில் உண்டு. வெளிக்கதவு திறந்து கிடந்தால் முற்றத்துக்குள் வந்து, நாங்கள் நட்டதையெல்லாம் நிதானமாக மேய்ந்துவிட்டுப் போகிற புள்ளிமான்களுக்குக் கண்ணாடிக்குள் இருக்கும் புதினா எட்டாது. ஒருநாள் காலையில் ஒரு பெண்மான் வெளியே நின்று வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேநீர் ஆறும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுரையாளர் சொன்ன வெளிக்காட்சிக்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சாடிகளின் கீழ்த்தட்டில் தேங்கும் நீரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. 2017 மார்ச்சில் கிண்ணியாவிலும் இந்த மாவட்டத்தின் ஏனைய இடங்களிலும் டெங்கு பரவிய விதத்தைக் கண்ட நாங்கள் அதை மறக்க முடியாது. முட்டையிலிருந்து நுளம்பு பறப்பதற்கு ஏழு, எட்டு நாட்கள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது அந்தத் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும். நான் தட்டுகளில் மணல் நிரப்பி வைத்திருக்கிறேன். எரிவாயு பற்றியும் ஒரு சொல். பெரிய யன்னல் இருக்கிறதென்ற துணிவில் கீழே காற்று வெளியேற வழியில்லாமல் குசினியைக் கட்டிவிடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு படியுமேயன்றி யன்னல் மட்டத்துக்கு எழுந்து வெளியே போகாது. கதவடியிலோ சுவரின் அடிப்பகுதியிலோ ஒரு திறப்பு வேண்டும்.

சுவரை உடைத்துப் பெட்டி வைக்க எல்லோராலும் இயலாது என்பதை நான் அறிவேன். வாடகை வீட்டில் இருப்பவர்களும், திட்ட வீடுகளில் இருப்பவர்களும், எல்லை மதிலுக்கும் சுவருக்கும் இடையில் மூன்றடி மட்டும் உள்ளவர்களும் இந்த ஊரில் ஏராளம். வெளியே தள்ளும் எந்தக் கட்டும் தன் காணிக்குள்ளேயே அடங்கவேண்டும், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியும் பெறவேண்டும். அப்படிப்பட்டவர்கள் குசினி யன்னலுக்கு எதிரே உள்ள மதிலுக்கு வெள்ளையடித்துப் பார்க்கட்டும். பாசி பிடித்த மதில் வெளிச்சத்தை விழுங்கிவிடும், வெள்ளை மதில் அதை உள்ளே திருப்பி அனுப்பும். ஒரு வாளிச் சுண்ணாம்பில் கிடைக்கும் வித்தியாசத்தை நான் என் தங்கையின் வீட்டில் கண்டேன். எங்கள் பெற்றோர் காலத்து ஓட்டு வீடுகளில் குசினிக் கூரையில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகள் வைப்பார்கள். கூரைக் கண்ணாடி கூடாதென்று சொன்னவளே இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஒரு கண்ணாடி ஓட்டின் வழியே வருவது கையளவு வெயில், அது தரையில் நகர்ந்துகொண்டே போய்விடும். நாலடிக் கண்ணாடிக் கூரை அப்படியல்ல. நாற்சார் வீட்டு முற்றத்தைக் கட்டியவர்களும், பிற்காலத்தில் ஜெஃப்ரி பாவா போன்ற கட்டடக் கலைஞர்களும், தோட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவர நம்பியிருந்தது திறந்த முற்றத்தையும் தாழ இறங்கிய கூரையையும்தான்.

தங்கள் இணைப்பில் இனி வீட்டுப்படங்களை வெளியிடும்போது, ஒவ்வொரு படத்திலும் வடக்குத் திசையைக் குறித்து, குசினி யன்னலின் அளவையும் அது எதைப் பார்த்திருக்கிறது என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஒழுங்கையில் இப்போது ஒரு புது வீடு எழும்புகிறது. அந்த வீட்டு மருமகள் போன கிழமை வந்து மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு, தமது வீட்டுப்படத்தை விரித்துக் காட்டினார். குசினிக்கு மேற்குச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி, வடக்குச் சுவர் வெறுமை. கட்டு இன்னும் லிண்டல் மட்டத்துக்கு வரவில்லை. மாற்றுவதென்றால் இந்த மாதத்துக்குள் மேசனிடம் சொல்லிவிடுங்கள் பிள்ளை என்று சொல்லி, அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.